கத்தரி பட்ட கடுதாசி

ஓனேசிம்: ...அப்ப கத்தரி போட்டது நீங்கதானே, மாம்செல் நோயேமி?

நோயேமி: நம்ம தீவுல, இந்த விக்டோரியா தபால் ஆபீஸ்லேருந்து பட்டாளத்துக்குப் போற கடுதாசி எல்லாத்தையும் பிரிச்சுப் படிக்கிறது என் வேலை. சண்டை முடியிற வரைக்கும் அப்படித்தான்.

ஓனேசிம்: படிங்க, வேண்டாங்கலை. ஏன் வெட்டுனீங்க? எகிப்துலேருந்து தம்பி எழுதியிருக்கான். "அண்ணே, உன் கடுதாசி மீன்வலை மாதிரி வந்து சேர்ந்துது"ன்னு.

நோயேமி: கப்பல் வர்றது போறதை எழுதுனா வெட்டணும். சட்டம்.

ஓனேசிம்: நான் தச்சன். கப்பலைப் பத்தி என்ன எழுதப் போறேன்?

நோயேமி: அப்ப... வேற என்ன எழுதுனீங்க?

ஓனேசிம்: அது... உங்களுக்குத் தெரியாதா?

நோயேமி: ஒரு நாளைக்கு நூறு கடுதாசி பார்க்கிறேன். எல்லாம் ஞாபகம் இருக்குமா?

ஓனேசிம்: தபால் ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கா... குனிஞ்சு படிக்கிறப்ப உதட்டைக் கடிச்சுக்குவான்னு...

நோயேமி: அது எதிரி கையில கிடைச்சா நல்லாவா இருக்கும்?

ஓனேசிம்: சிரிக்காதீங்க. வெட்டுன இடத்துக்குப் பின்பக்கம் என்ன இருந்துதுன்னு பார்த்தீங்களா?

நோயேமி: வெட்டுற அவசரத்துல அதைக் கவனிக்கலை.

ஓனேசிம்: அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு, எழுந்து சீமைப்பலா வறுக்கிறாங்கன்னு எழுதியிருந்தேன். அதுவும் சேர்ந்து போச்சு. காய்ச்சல்னு எழுதுன முந்தின கடுதாசி மட்டும் ஒழுங்காப் போயிருக்கு. "அம்மா இருக்காங்களா, மறைக்காம சொல்லு"ன்னு கேக்கிறான்.

நோயேமி: தெரியும். அவர் கடுதாசியும் என் கையைத் தாண்டித்தானே உங்ககிட்ட வருது. முந்தாநாள் படிச்சேன். அதுக்கப்புறம் சோறு இறங்கலை.

ஓனேசிம்: ...சரி, விடுங்க. தப்பு என் மேலயும் இருக்கு.

நோயேமி: உங்க மேல என்ன?

ஓனேசிம்: தம்பிக்கு யாராவது வாரம் மூணு கடுதாசி போடுவாங்களா? நேர்ல சொல்ல வாய் வரலை. எப்படியும் நீங்க படிப்பீங்கன்னுதான்...

நோயேமி: ரெண்டாவது கடுதாசியிலேயே புரிஞ்சுது. எனக்கு அடுத்தாப்புல துரை ஒருதரம் பார்ப்பார். அவர் கண்ணுல படவேண்டாம்னுதான் வெட்டுனேன். துண்டு எல்லாம் என் துணிப்பெட்டியில இருக்கு.

ஓனேசிம்: குப்பையில போடலையா?

நோயேமி: அதைப் போய் யாராவது போடுவாங்களா... இன்னொண்ணும் சொல்லணும். நேத்துப் போன கப்பல்ல உங்க தம்பிக்கு நானே எழுதிட்டேன். அம்மா நல்லா இருக்காங்க, ஞாயித்துக்கிழமை பூசைக்கு நடந்தே வந்தாங்கன்னு.

ஓனேசிம்: நீங்க யாருன்னே அவனுக்குத் தெரியாதே, எப்படி நம்புவான்? கீழே என்னன்னு கையெழுத்துப் போட்டீங்க?

நோயேமி: உங்களைக் கேக்காம போட்டுட்டேன், கோவிச்சுக்காதீங்க... "உன் அண்ணி"ன்னு.