உட்காரவைத்து அளந்த முகம்

அவைக்குத் தலைமையேற்று, அடிக்கடி கைக்கடிகாரம் பார்க்கும் தலைமை மருத்துவர் அவர்களே, அன்பும் அறிவும் நிறைந்த பெரியோர்களே, முன்பு முகம் தந்து உதவிய அண்ணன் தம்பிமார்களே, வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, மேடை ஓரத்தில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் முடிதிருத்தும் ஐயா அவர்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

என் வேலை முகத்தை அளப்பது. அழகை அளப்பதா? இல்லை. அந்தஸ்தை அளப்பதா? அதுவும் இல்லை. தோலுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள சதையின் தடிமனை, ஸ்கேன் கருவியால், இருபத்தொரு இடங்களில், மில்லிமீட்டர் கணக்கில் அளப்பது. எதற்காக? பெயரற்றுக் கிடைக்கும் மண்டையோட்டின் மீது அந்த அளவுப்படி களிமண் அப்பினால், போன முகம் ஓரளவேனும் திரும்பி வரும் என்பதற்காக. பின்வரிசையில் கன்னத்தைக் கிள்ளிப் பார்க்கும் தம்பி, உங்களிடம் தாராளமாகவே இருக்கிறது, கவலை வேண்டாம்.

எங்கள் அலமாரியில் ஏழாம் எண் பெட்டி. அதற்குள் ஓர் இளைஞனின் மண்டையோடு. இருநூறு ஆண்களை அளந்தோம், சராசரி கண்டோம், முகம் செய்தோம், படமெடுத்துப் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டினோம். எட்டு மாதம் காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை.

அப்போதுதான் இருநூற்று ஒன்றாவது ஆளாக இந்த ஐயா வந்தார். கட்டிலில் படுக்கச் சொன்னேன். படுத்தவர், தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஏம்மா, படுத்தா கன்னச் சதை காதுப் பக்கம் ஒதுங்கிடும். நாற்காலிய சாய்ச்சு சவரம் பண்றவன் நான், எனக்குத் தெரியாதா? ஊர்ல உள்ளவங்க எல்லாம் ஒருத்தர ஒருத்தர் படுத்த மேனிக்கா பார்த்துக்குறாங்க?"

எனக்குச் சுரீரென்றது. இருநூறு பேரையும் படுக்கவைத்தது யார்? நான். கன்னம் குழிவிழுந்த யாரோ ஒருவனைச் சுவரில் ஒட்டியது யார்? நான். படித்த படிப்பு பல்லிளித்தது, பெரியோர்களே.

இருநூறு வீட்டுக் கதவுகளையும் தட்டினேன். நூற்றெண்பது பேர் முகம் சுளிக்காமல் மீண்டும் வந்தீர்கள். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தீர்கள். ஜெல் தடவி, கருவியை அழுத்தாமல், பட்டும் படாமலும் அளந்தோம். களிமண்ணைச் சுரண்டிவிட்டுப் புதிதாய் அப்பினோம். பழைய படத்தின் மேலேயே புதிய படத்தை ஒட்டினோம்.

மறுநாள் காலை, அந்தப் படத்தைக் கையில் பிடித்தபடி ஓர் அம்மா என் அறைக்குள் வந்தார். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர்.

"எட்டு மாசமா அந்தப் பழைய படத்துக்கு நேர் எதிர்லதான் உட்கார்ந்திருந்தேன். யாரு பெத்த புள்ளையோன்னு பரிதாபப்பட்டேன். இது என் தம்பிம்மா."

சில வாரங்களில் மரபணுச் சோதனையும் ஆமாம் என்றது. முடிவைக் கேட்க வந்தவரிடம் என் தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன். அவர் திட்டவில்லை.

"நாலு வருஷமா வாசக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்ல. எந்நேரம் வந்து நிப்பானோன்னு. இனிமே போட்டுக்குறேன்" என்றார். பிறகு அலமாரியைப் பார்த்தார். "இன்னும் எத்தனை பேரு இருக்காங்க?"

"பதினாறு. அதுல அஞ்சு பேரு பெண்கள். பெண்களை நாங்க இன்னும் அளக்கவே இல்லம்மா."

"அப்ப என்னை அளந்துக்கோங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். எழ வேண்டாம் அம்மா, கைதட்டல் உங்களுக்குத்தான்.

தாய்மார்களே, தங்கைமார்களே, இன்னும் எத்தனை வீட்டில் கதவு தாழிடப்படாமல் கிடக்கிறது? எத்தனை கண்கள் வாசலிலேயே கிடக்கின்றன? நான் கேட்பது பொன்னல்ல, பொருளல்ல. பதினைந்து நிமிடம் உங்கள் முகம். ஜெல்லைத் துடைக்கத் துண்டு நான் தருகிறேன். எண்பது பேர் வந்தால் போதும், அந்த ஐந்து பெண்களுக்கும் முகம் செய்யத் தொடங்கிவிடுவோம்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஸ்கேன் அறை திறந்திருக்கும். கட்டிலை வெளியே தள்ளிவிட்டேன், நாற்காலி போட்டிருக்கிறேன். என் பேச்சையும் பிழையையும் பொறுத்துக்கொண்ட உங்கள் ஒவ்வொருவர் முகத்துக்கும் என் நன்றி, என் வணக்கம்.