ஊதாத விசில்

என் விசில் பித்தளை, இன்ஸ்பெக்டர் ஐயா. வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்த்து, வரதர் படத்தின் முன் வைத்துத்தான் எடுப்பேன்.

பாலாற்று மணலில் ஞாயிறுதோறும் சடுகுடு நடத்தி வந்தேன். தறியை விட்டு வரும் பையன்களுக்கு மோர் கரைத்துக் கொண்டுவருவதும் நானே. முன்பெல்லாம் பிடிபட்டவன் தரையைத் தட்டினால் போதும், பிடித்தவர்கள் கையை எடுத்துவிடுவார்கள். சிலர் பொய்யாகத் தட்டி, பிடி தளர்ந்ததும் பாய்ந்து கோட்டைத் தொட்டுவிடுவார்கள். அதனால் அடிதடி. இந்த அறுபத்தெட்டாம் வருஷத்தில்தான் புது விதி கொண்டுவந்தேன். தட்டினாலும் விடக்கூடாது, பிடிபட்டவனின் சடுகுடுப் பாட்டு நின்றதும் நான் விசில் ஊதுவேன், அப்போதுதான் விட வேண்டும். சமாதானத்துக்காகச் செய்தது.

பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செவிலிமேட்டுக் கலியன் மட்டும் என் மோரைக் குடித்துக்கொண்டே வாய்விட்டுச் சொன்னான்.

"யோவ் பீப்பீ, நீ வெத்தலைய மென்னுக்கினு ஊதறதுக்குள்ள எங்க மூச்சு போயிடும்யா. உன் விதிய இந்த மோர்லயே கரைச்சுக் குடி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவனுக்கு இன்னொரு குவளை ஊற்றிக் கொடுத்தேன். போன ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுவது என்று இரண்டு அணியிலும் அவன் பேசி வைத்திருந்தான். எனக்கும் தெரியும்.

அந்த ஆட்டத்தில் கடைசியாகப் பாடிக்கொண்டு எதிரணிக்குள் போனது அவன்தான். அர்ஜுனன் காலை வாரினான். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். கலியன் முகம் மணலில் புதைந்தது. பாட்டு நின்றது. கை மட்டும் தரையைத் தட்டியது.

"ஐயா, தட்டறான். உட்டுறலாமா?" என்றான் அர்ஜுனன். விதியை மதிக்கிற பையன். அவன்மேல் வழக்கு வேண்டாம்.

விசிலை வாயிலிருந்து எடுத்து, "நான் இன்னும் ஊதலப்பா" என்றேன்.

கலியன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் பாவம். கொஞ்சம் பணிவு வந்தால் நல்லபடியாக இருப்பான் என்றுதான் நினைத்தேன். ஒருமுறை "ஐயா" என்று மரியாதையாகக் கூப்பிட்டால் ஊதலாம் என்று காத்திருந்தேன். தட்டுவது மெதுவாகி, நின்றது. பிறகு ஊதினேன். மற்றவர்கள் எழுந்தார்கள், அவன் எழவில்லை.

வாய் நிறைய மணலை வைத்துக்கொண்டு எப்படிக் கூப்பிடுவான் என்று கேட்கிறீர்கள். மணல் இருந்தது எனக்கும் தெரியும்.

மனசு இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பான், ஐயா.