டீ வருவதற்குள் எழுதிய தீர்ப்பு

அவைக்குத் தலைமை தாங்கி, அருகில் அமர்ந்தோர் அனைவருக்கும் தன் கைச்செலவில் சோடா வரவழைத்திருக்கும் எங்கள் செம்மண் கபடிக் குழுவின் தலைவர், ஜவுளிக்கடை ஐயா பீர் முகமது அவர்களே! என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் நிர்வாகக் குழுப் பெருமக்களே! முதல் ஷிப்ட் முடித்து, முகம் கழுவவும் மனமின்றி நேரே திடலுக்கு வந்திருக்கும் தோழர்களே! குறிஞ்சிப்பாடியிலிருந்தும் முத்தாண்டிக்குப்பத்திலிருந்தும் பஸ்ஸில் தொங்கி வந்திருக்கும் பெரியோர்களே! பெற்ற பிள்ளைகளை இந்தச் செம்மண்ணில் புரள அனுப்பிவிட்டு, அவர்கள் சட்டையைத் துவைத்தே கை சிவந்த தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசி வள்ளியம்மாள் அவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தச் சோமசுந்தரத்தின் காணும் பொங்கல் வணக்கம்.

சிரிக்காதீர்கள். அந்த அம்மையார் முறைப்பதில் நியாயம் இருக்கிறது.

சுரங்கத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இயந்திரம் ஓட்டியவன் நான். இந்தத் திடலில் இருபத்தாறு ஆண்டுகள் நடுவராக நின்றவன். இன்று போட்டி தொடங்குமுன் ஒரு வாக்கெடுப்பு இருக்கிறது. இளம்பரிதி மீது நம் குழு விதித்த ஆயுள் தடையை நீக்கலாமா, கூடாதா? அவனை மீண்டும் எடுத்துக்கொள்ள ஒரு பெரிய அணி ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் தாய்க்குழுவின் சம்மதக் கடிதம் வேண்டும் என்கிறார்கள். நாம் கை தூக்கினால் அவன் ஆடுவான். தூக்காவிட்டால் இருபத்தைந்து வயதில் அவன் ஆட்டம் முடிந்தது.

யார் இந்த இளம்பரிதி? முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பொன்னம்மாளின் ஒரே மகன். தொலைக்காட்சியில் கபடி வந்தபோது, பளபளக்கும் விளக்கொளியில் அவன் பாடிப் போனானே, மூன்று பேர் காலைப் பிடித்தும் முக்கி முனகிக் கோட்டைத் தொட்டானே, அன்றைக்கு இந்த டவுன்ஷிப்பில் எத்தனை வீட்டில் குக்கர் அடிப்பிடித்தது! என்னம்மா? உங்கள் வீட்டிலுமா? சரி, சரி, கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

அப்படிப்பட்டவனின் சிறுநீரைச் சோதித்தார்கள். உடம்பு நீரை வெளியேற்றும் மாத்திரை போட்டிருந்தான் என்று முடிவு வந்தது. எடையைச் சட்டென்று குறைக்கும் மாத்திரை. வேறு ஊக்கமருந்து போட்டிருந்தாலும் அதை மறைத்துவிடும் என்பதால் தடை செய்த மாத்திரை. செய்தி வந்த அன்று காலையில் டவுன்ஷிப் நுழைவாயில் ஆர்ச் அருகே இருந்த அவன் பிளெக்ஸைக் கிழித்தார்கள். முந்தின வாரம் அதற்குப் பாலூற்றிய கைகள்தாம் கிழித்தன! இன்னொரு கூட்டம் இருந்தது. "எவனோ ஜூஸ்ல கலந்து குடுத்துட்டான்பா, நம்ம பையன் தங்கம்" என்றது. கிழித்தவர்களுக்கு விவரம் தெரியுமா? தெரியாது. தங்கம் என்றவர்களுக்குத் தெரியுமா? அவர்களுக்கும் தெரியாது.

விவரம் தேடியவர்கள் டெல்லியில், ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பில் இருந்தார்கள். அவனை இருமுறை கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். மறுசோதனை செய்தார்கள். எடைக்காகத்தான் போட்டான், ஏமாற்றும் எண்ணமில்லை, ஆனாலும் விசாரிக்காமல் போட்டது தவறு என்று சொல்லி ஓராண்டுத் தடை விதித்தார்கள்.

நாம் என்ன செய்தோம்? நம் குழு கூடியது. டீ சொன்னோம். செயலாளர் அறிவுச்செல்வன் மட்டும் மெல்லக் கேட்டார், "அண்ணே, பையன் வெளியதான் நிக்கறான். ஒரு வார்த்த கேட்டுக்கினு எழுதலாமே?"

"என்னத்தக் கேக்கறது? அதான் பேப்பர்லயே போட்டுட்டானே! ஆயுள் தடைன்னு எழுது" என்றவன் நான். டீ வருவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டபின் அவனை உள்ளே அழைத்தோம். நான்தான் கேட்டேன், "யாருடா உனக்கு இந்த மாத்திரையப் பழக்கனது?" அவன் என்னைப் பார்த்தான். "யாருமில்ல சார். நானேதான் கடையில வாங்கனேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதோடு விட்டேனா? போன குடியரசு நாள் விழாவில் இதே மைக்கைப் பிடித்து, களங்கம் என்றேன், கறை என்றேன், களையைப் பிடுங்கிவிட்டோம் என்று கர்ஜித்தேன். நீங்களும் கை தட்டினீர்கள்.

மறுநாள் காலையில் என் குவார்ட்டர்ஸ் வாசலில் பொன்னம்மாள் வந்து நின்றார். "சாரே, எம் புள்ள தப்பு பண்ணிட்டான், ஒரு வருசம் குந்தட்டும். நான் வாணாங்கல. சாவற வரைக்கும் குந்துன்றீங்களே, எந்த ஊரு நாயம்ங்க இது? எங்க வூட்டாண்ட வந்து யாராவது ஒருத்தரு என்னா ஏதுன்னு கேட்டீங்களா?" என்றார்.

அவர் போனபின் என் மனைவி வந்தார். "ஏங்க, அந்த நீர் மாத்திரன்றது நான் பிரஷருக்குப் போடறேனே, அதானா?"

"ஆமா, அந்த மாதிரிதான்."

"அப்ப ஆறேழு வருசத்துக்கு முன்ன என் டப்பால ரெண்டு மாத்திர கொறையுதுன்னு நான் வூட்டையே பொரட்டிக்கினு இருந்தேனே. அன்னிக்கு நீங்க அந்தப் பையனக் கூட்டிக்கினு திருவதிகை போட்டிக்குப் போனீங்க இல்ல?"

ஆம். நீங்கள் நினைப்பது சரிதான்.

அறுபத்தைந்து கிலோ எடைப் பிரிவுப் போட்டி அது. பையனுக்குப் பதினெட்டு வயது. புறப்படுமுன் தராசில் ஏற்றினால் ஒரு கிலோ கூடுதல். கம்பளியைப் போர்த்தி ஓட விட்டோம், எச்சில் துப்ப வைத்தோம், முடியைக்கூட வெட்டினோம். இறங்கவில்லை. என் மனைவியின் மாத்திரையை நான்தான் எடுத்துப்போய், "போட்டுக்கடா, ஒண்ணும் ஆவாது" என்று அவன் உள்ளங்கையில் வைத்தேன். எடை இறங்கியது. கோப்பை வந்தது. எடை கூடினால் மாத்திரை என்ற பாடத்தை அவன் என்னிடம் படித்தான். அந்தப் பாடத்தோடுதான் பெரிய திடலுக்குப் போனான், பயிற்சி முகாமில் எடை கூடியபோது மருந்துக்கடைக்கு நடந்தான்.

எனக்கு அது மறந்துபோய்விட்டது என்று உங்களிடம் சொல்லலாம். சொன்னால் நம்புவீர்கள். ஆனால் அது பொய். செய்தித்தாளைப் படித்ததும் என் கண்முன் வந்த முதல் பொருள் அந்த மாத்திரை டப்பாதான். அதனால்தான் அவசரப்பட்டேன். அதனால்தான் ஆயுள் தடை கேட்டேன். அவன் வாய் திறக்குமுன் கதவை மூடிவிட வேண்டும் என்ற பயம் எனக்கு. குற்றத்தில் பங்குள்ளவன் நடுவராக உட்கார்ந்தால் தீர்ப்பு எப்படி இருக்கும்? இப்படித்தான் இருக்கும்!

சரி, அப்படியானால் இளம்பரிதி குற்றமற்றவனா? இல்லை. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தடை செய்த மருந்துகளின் பட்டியலை அவன் ஆடிய பெரிய அணி அவனிடம் கொடுத்திருந்தது, படித்ததாகக் கையெழுத்தும் வாங்கியிருந்தது. அணிக்கு டாக்டர் இருந்தார். அவரை ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது தவறு, அந்தத் தவறுக்கு ஓராண்டு தகும். அவனும் தகும் என்றே ஏற்றுக்கொண்டான். முந்திரி ஆலையில் மூட்டை தூக்கி அந்த ஓராண்டையும் கழித்து முடித்துவிட்டான். பேட்டி கொடுக்கவில்லை, புலம்பவில்லை, யார் பெயரையும் இழுக்கவில்லை.

ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்றவனும் இவனும் ஒன்றா? தோற்பதற்கென்றே களம் இறங்கி, தன் அணியைத் தானே காட்டிக்கொடுத்தவன் ஒருவன். எடை தாண்டிவிடுமோ என்ற பதைப்பில் ஒரு மாத்திரையை விழுங்கியவன் ஒருவன். இருவர் பெயரையும் ஒரே தாளில், ஒரே வரியில், ஒரே மையில் எழுதுவது நீதியா? நம் கபடியே அதை ஏற்காதே! அவுட்டானவனை நாம் திடலை விட்டா துரத்துகிறோம்? கோட்டுக்கு வெளியே உட்கார வைக்கிறோம். அவன் அணி எதிரியில் ஒருவனை வீழ்த்தினால் அவன் எழுந்து உள்ளே வருகிறான். உட்கார வேண்டிய நேரம் உட்கார்ந்தவனைப் பார்த்து, நீ இனி எழவே கூடாது என்று எந்த நடுவராவது சொன்னதுண்டா? நான் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

பின் வரிசையில் ஒரு தோழர் கேட்கிறார், "இத்தன நாளா ஏன் சார் சொல்லல?" நல்ல கேள்வி. பயம்தான் தோழரே, வேறென்ன? போன வாரம் என் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டார். "மைக்குலதான அவனத் திட்னீங்க? மைக்குலயே சொல்லுங்க. இல்லன்னா நான் மேடையேறிச் சொல்றேன்." சொல்லக்கூடியவர்தான், உங்களுக்குத் தெரியும். முதலில் இளம்பரிதியைப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பிள்ளை என்ன சொன்னான் தெரியுமா? "வுடுங்க சார். எங்கம்மாக்குத் தெரிஞ்சா உங்களத்தான் திட்டும்."

பொன்னம்மா, இதோ உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை பேர் நடுவில் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். தம்பி, அந்த மைக்கை அவரிடம் கொடு.

"மொதல்ல எம் புள்ளய ஆட வுடுங்க சாரே. அப்பறமா வூட்டாண்ட வந்து நல்லா திட்டறேன்."

கேட்டீர்களா! தாயே, என் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். வள்ளியம்மாள் காபி போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அன்பார்ந்தோரே, நடுவர் பார்க்காத தொடுகையும் உண்டு. விசில் வராது, கூட்டமும் கவனித்திருக்காது. அப்போது நேர்மையான ஆட்டக்காரன் என்ன செய்வான்? தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவான். இதோ, நான் கையைத் தூக்குகிறேன். அவனுக்கு ஓராண்டு என்றால் எனக்கும் ஓராண்டு. இன்றிலிருந்து எனக்கு விசில் இல்லை, மேடை இல்லை, குழுவில் இடமும் இல்லை. தலைவர் ஐயா, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டாதீர்கள். அவனுக்கு ஆயுள் என்று நான் சொன்னபோது நீங்கள் தலையாட்டியிருக்கலாம்!

இப்போது உறுப்பினர்களைக் கேட்கிறேன். இளம்பரிதியின் தடை நீங்க வேண்டும் என்போர் கை தூக்குங்கள். அடடா, எண்ண முடியவில்லையே! பொன்னம்மா, நீங்கள் உறுப்பினர் இல்லை, இரண்டு கையையும் தூக்கியிருக்கிறீர்கள். பரவாயில்லை, என் ஓட்டு இரத்தாகிவிட்டது, அதில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டார்!

இந்த முழக்கம் அடங்கட்டும், முடித்துவிடுகிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பொறுத்துக்கொண்ட தாய்மார்களுக்கும், என்னைப் பேச வைத்த என் வள்ளியம்மாளுக்கும், என் பெயரை ஓராண்டு வாய்க்குள் வைத்துக் காத்த இளம்பரிதிக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மனசு இன்றைக்குத்தான் நிறைந்திருக்கிறது. மூன்றாம் வரிசையில் என் மனைவி பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துவிட்டார். எனக்கு இடம் கிடைத்துவிட்டது, இறங்கிப் போகிறேன். வணக்கம்.