நீலக் கயிறு, மூணு சுத்து

போதுமா சார்? இன்னும் ஒரு முழம் ஏத்தட்டுமா? சரி, அப்படியே இருங்க. பாய்மரத்த ரெண்டு காலாலயும் கவ்விப் பிடிச்சுக்கங்க, கீழ பாக்காதீங்க. அய்ய, விழ மாட்டீங்க. கயித்த வின்ச்சுல நாலு சுத்து சுத்தி, பூட்டும் போட்டுட்டேன். பதினஞ்சு வருஷமா ஆளுங்கள ஏத்தி இறக்குறேன், ஒருத்தரக்கூட கை நழுவ விட்டதில்ல. இறக்கு கிறக்குங்கற பேச்செல்லாம் என்கிட்ட வேணாம். நானே ஏறி என் கண்ணால பாத்தாத்தான் படக எடுப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னது நீங்கதான்.

பாருங்க, நல்லா பாருங்க. உங்க தோளுக்கு நேரா ரெண்டு பக்கமும் புதுக் கம்பி கெளம்புதா? தொட்டுப் பாருங்க, பிசிறு ஒண்ணு குத்துதா? குத்தாது. அதான் உங்க ரன்னர். ஆமா சார், உங்களுக்குத் தெரியும். நீங்க கேப்டன், உங்களுக்குத் தெரியாம இருக்குமா? கரையில நிக்கிறவங்களுக்கும் தெரியட்டுமே. சாப்பாட்டு நேரம், பட்டறை ஆளுங்க அத்தன பேரும் டப்பாவும் கையுமா வந்துட்டாங்க.

கேட்டுக்கங்கப்பா. இது பழைய படகு, பாய்மரம் நல்ல உசரம், ஆனா ஒல்லி. முன்பக்கத்துல ஒரு சின்னப் பாய் இருக்குல்ல, அது பாய்மரத்த நடுவுல பிடிச்சு முன்னால இழுக்கும். பின்னாலருந்து பிடிச்சுக்க ஆள் வேணாமா? அதுக்குத்தான் இடப்பக்கம் ஒரு ரன்னர், வலப்பக்கம் ஒரு ரன்னர். காத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ரன்னர இறுக்கணும். மத்தது சும்மா தொங்குனா பெரிய பாய் அதுல மோதும். அதனால கொக்கியக் கழட்டி, முன்னால கொண்டுபோய், பாய்மரத்தப் பக்கவாட்டுல பிடிச்சிருக்கற பக்கக் கம்பியோட சேத்து ஒரு கயித்தால கட்டி வச்சிடுவாங்க. படகு திரும்பி காத்து பக்கம் மாறுச்சுன்னா, கட்டி வச்சத அவுத்து, பின்னால மாட்டி இறுக்கணும். அதுக்கப்புறம்தான் இன்னொன்ன விடணும். முதல்ல மாட்டு, அப்புறம் விடு. அவ்ளோதான் வித்தை. சரிதானே சார்? தலைய ஆட்டுறீங்க, சரிதான்.

இறக்குறேன் சார், என்ன அவசரம்? பாதிதானே பாத்திருக்கீங்க.

மொத நாள் வந்தப்ப என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? கம்பி கட்டுறவங்கள நான் நம்புறதில்ல, ஒரு தடவ பட்டுட்டேன்னு சொன்னீங்க. எவனோ ஒருத்தன் முனைய ஒழுங்கா முடையாம விட்டு, நடுக்கடல்ல வலது ரன்னர் அறுந்து, பாய்மரமே ரெண்டா போச்சுன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. நான் வேலைக்கான பாரத்த எடுத்து நீட்டுனேன் சார். அப்புறம் பாரத்துல கையெழுத்து போட்டீங்க, பேரப் பாத்தேன். ஓஹோ, தேடிப் போகவே வேணாம், தானா வந்து நிக்குதேன்னு நினைச்சுக்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி இருபத்தோரு வருஷத்துக்கப்புறம் நிம்மதியா தூங்கினேன்.

கோவப்படாதீங்க. மேல இருந்துக்கிட்டு கோவப்பட்டா தலை சுத்தும்.

அந்த எவனோ ஒருத்தனோட கதை உங்களுக்குத் தெரியாதுல்ல? விசாரணையில உங்க வார்த்தைதான் எடுபட்டுச்சு. படகுல இருந்தது நீங்களும் உங்க மச்சானும். மச்சான் கீழ படுத்துத் தூங்கிட்டிருந்தாரு. ஒடஞ்ச பாய்மரத்த, படகு முங்கிடும்னு கழட்டி கடல்ல விட்டுட்டீங்க. காட்டச் சொன்னா கம்பி எங்க இருக்கு? கம்பி கட்டுனவரு தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு, நான் கட்டுனது அறுகாதுய்யா அறுகாதுய்யான்னு. யாரு கேட்டா? அப்புறம் ஒரு படகு அவர் கைக்கு வரல. ஊரே அவருக்கு அறுந்த கம்பின்னு பேரு வச்சுது. தெருவுல போனா, டேய் அறுந்த கம்பி வருதுடா, ஒதுங்கிக்கன்னு சிரிப்பாங்க. அவர் பொண்ணு இதே வேலைக்கு வந்தப்ப, ஒரு வருஷம் ஒருத்தரும் அவள ஒரு கொக்கிகூட மாட்ட விடல.

இருங்க, வலது பக்கம் கொஞ்சம் திரும்புங்க. பக்கக் கம்பியோட ஒட்டி ஒரு பழைய கம்பி தொங்குதா? துருவும் சிப்பியுமா? அது உங்க படகுதில்ல, காலைல நான்தான் ஏத்தி வச்சேன். அதுக்கு வயசு இருபத்தோண்ணு சார்.

ஆமா. அதேதான்.

ரெண்டு வருஷம் கழிச்சு மீன் வலையில மாட்டுச்சு. வலைக்காரர் முனையப் பாத்ததுமே இது அவர் கைவேலைன்னு கண்டுபிடிச்சு, தோள்ல போட்டுக்கிட்டு நேரா அவர் வீட்டுக்கே வந்துட்டாரு. அத எடுத்துக்கிட்டு எத்தன தடவ ஆபீஸ் படி ஏறி இறங்குனோம்! கேஸ் முடிஞ்சுபோச்சு, போங்கன்னுட்டாங்க. நீங்களும் அதுக்குள்ள வேற தேசம் போயாச்சு. சரி, மேல் முனை வளையம் இருக்கா? இருக்கும். கீழ் முனை கொக்கி? அதுவும் இருக்கும். நடுவுல எங்கயாச்சும் அறுந்திருக்கா, தடவிப் பாத்துச் சொல்லுங்க. அறுந்த கம்பின்னா ரெண்டு துண்டா இருக்கணும்ல சார்? இது எப்படி முழுசா இருக்கு?

நூறு கம்பி அப்படி இருக்குங்கறீங்களா? சரி, அந்த நீலக் கயித்தப் பாருங்க. ரன்னரையும், அதோட சேந்து வலையில வந்த பழைய பக்கக் கம்பித் துண்டையும் சேத்து மூணு சுத்து, அதுக்கு மேல ஒரு முடிச்சு, அதத் திருப்பி இன்னொரு அரை முடிச்சு. அப்படியே கல்லா இறுகிப்போயிருக்கு. காலைல நீங்க வந்து உங்க சின்னப் படகக் கட்டுனீங்களே, அதோ, அந்தக் கட்டைய ஒரு தடவ பாருங்க. மூணு சுத்து, ஒரு முடிச்சு, திருப்பி ஒரு அரை முடிச்சு. இந்தப் பட்டறையில வேற யாரும் அப்படிக் கட்டுறதில்ல சார். எல்லாரும் வந்து பாத்துட்டாங்க, நான்தான் காட்டுனேன்.

நீங்க அவுக்கவே இல்ல. காத்து பக்கம் மாறுச்சு, இடது ரன்னர விட்டீங்க, வலது ரன்னர் முன்னால கட்டுனபடியே கெடந்துச்சு. பாய்மரத்துக்குப் பின்னால பிடிக்க ஒண்ணுமே இல்ல. மறந்துட்டீங்க. அட, மறதி மனுஷனுக்கு வராதா? மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. வாய் கூசாம அடுத்தவன் தலையில கட்டுனீங்க பாருங்க, அதுக்குத்தான் சார் என் வயிறு இருபத்தோரு வருஷமா எரியுது.

கத்தாதீங்க. யாரும் வர மாட்டாங்க, எல்லாரும் இங்கதான் நிக்கிறாங்க. உங்கள விட்டுடுவேன்னு பயமா? விட மாட்டேன். விடுறது உங்க பழக்கம். வெயில்தான் கொஞ்சம் சுடும். ஒரு வரி சொல்லுங்க, அடுத்த நிமிஷம் பூ மாதிரி கீழ இறக்குறேன். கம்பி அறுகல, நான்தான் அவுக்க மறந்துட்டேன்னு. உங்க புது ரன்னரும் சுத்தமான வேலை, நாளைக்கே தைரியமா கடலுக்குப் போகலாம்.

என்னது? ஆங், கேட்டுச்சு சார், எனக்குக் கேட்டுச்சு. எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது? அதோ கூட்டத்துக்குப் பின்னால பச்சைத் தொப்பி போட்டு ஒருத்தர் நிக்கிறாரு பாருங்க. வாட்ச்மேன்தான். நேத்து நீங்க கார் சாவிய வீசி எறிஞ்சீங்களே, குனிஞ்சு பொறுக்கினாரே, அவரேதான். அவரப் பாத்துச் சொல்லுங்க.

எங்க அப்பா. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார், அவருக்கு இடது காது கேக்காது.