துணைச்சீட்டு

டாக்டரம்மா, புடவை மனசுக்குப் பிடித்துவிட்டால் யாரும் அதைப் புகழ்ந்து வாங்குவதில்லை. வில்லியனூர்க் கடைத்தெருவில் நாற்பது வருஷம் ஜவுளி விற்ற தெய்வசிகாமணி சொல்கிறேன். ஆகா ஓகோ என்கிறவள் மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். 'சாயம் போவும்போல இருக்குதே' என்று முகம் சுளிக்கிறவள்தான் வாங்கப்போகிறவள்.

என் சம்சாரம் போனபின் கடையை மகனிடம் விட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அப்போதுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள். பக்கத்து ஊரான உறுவையாற்றில் பாத்திமா மேரி, கணவரை இழந்தவர். சாப்பாடில்லை, தூக்கமில்லை, பரிசோதனையில் நோயும் இல்லை. மாத்திரைச் சீட்டோடு இன்னொன்றும் எழுதினீர்கள்: தினம் ஒரு மணி நேரம் பேச்சுத்துணை. ஊரார் அதற்குத் துணைச்சீட்டு என்று பெயர் வைத்தார்கள். அந்தத் துணை நான்.

முதல் இரண்டு வாரம் அவர் முருங்கைக்கீரை ஆய்வார், நான் பேசுவேன். மூன்றாம் வாரம், ஒரே சேலையை மூன்று முறை மாற்ற வந்த ஒருத்தியின் கதையைச் சொன்னேன். கீரையெல்லாம் சிதறச் சிரித்தார். அப்புறம் என் மொபெட் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்துவிடுவார்.

"இன்னா மொதலாளி, இன்னிக்கு அஞ்சு நிமிஷம் லேட்டு. கூலியில புடிச்சிக்கட்டுமா?"

மாதம் ஒருமுறை நான் உங்களுக்கு ஓர் அட்டை நிரப்பித் தரவேண்டும். தூக்கம், பசி, சிரிப்பு என்று மூன்று கட்டம். மூன்றும் சரியானால் சீட்டு முடிந்தது, என்னை வேறு வீட்டுக்கு அனுப்புவீர்கள். சீட்டு இல்லாமல் கணவரை இழந்த ஒரு பெண்ணின் வாசலில் நான் எந்த முகத்தோடு போய் உட்காருவது? ஊர் சும்மா விடுமா?

மூன்று கட்டத்திலும் 'சரியில்லை' என்று எழுதினேன். நன்றாக இருக்கிறேன் என்று அவரே உங்களிடம் சொல்லிவிடுவாரே என்று பயந்து கீழே ஒரு வரியும் சேர்த்தேன்: 'உங்கள் முன்னால் சிரிப்பார், வீட்டுக்குப் போனதும் அழுகிறார்.' வெள்ளை வேட்டிக்காரன் கையெழுத்தை நீங்கள் நம்பினீர்கள். தூக்க மாத்திரை அரையிலிருந்து ஒன்றாயிற்று. அடுத்த அட்டைக்கு இரண்டாயிற்று.

"மொதலாளி, உக்காந்தாவே கண்ணு சொக்குதுபா. பாதியா ஒடைச்சிப் போட்டுக்கட்டுமா?"

"டாக்டர் எழுதினதுல பேரம் பேசக் கூடாது மேரியம்மா."

"பேரம் பேசியே வூடு கட்டுன ஆளு பேசுற பேச்சப் பாரேன்" என்று சிரித்தார். தண்ணீர்ச் சொம்பை நான்தான் நீட்டினேன். இரண்டையும் விழுங்கினார். தூங்கி வழிகிற ஆளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் துணைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை குளியலறைப் படியில் தடுமாறி விழுந்தார். பின்மண்டையில் அடி. பதினோரு நாளாக ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. திருபுவனைக் கம்பெனியில் வேலை செய்யும் மகள் அன்னாமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா எங்கம்மா எப்பவோ போயிருப்பாங்க ஐயா" என்றாள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று இன்னும் தெரியவில்லை.

அவள் வேலைக்குப் போகும் பகல் முழுக்க நான்தான் கட்டிலருகே இருக்கிறேன். இங்கே யாரும் சீட்டுக் கேட்பதில்லை. அம்மாவுக்கு நினைவு திரும்பியதும் திருபுவனைக்கே கூட்டிப்போய்விடுவதாக அன்னாமேரி சொல்லியிருக்கிறாள். அதுதான் நியாயம்.

உங்களுக்கு இதை எழுதிவிட்டால் இனி என் வாயில் பொய் வராது என்று நம்பித்தான் காலையில் பேனாவை எடுத்தேன். பாதி எழுதும்போது மேரியம்மாவின் விரல்கள் என் விரலைப் பற்றின. மெதுவாக, ஆனால் நன்றாகவே பற்றின.

நர்ஸ் தீபிகா வந்து, "அசைவு எதுனா இருந்துச்சா ஐயா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "அப்படியேதான் இருக்காங்க."