திறக்காத வால்வு

புக்கெகோஹி என்ற ஊரில் காய்கறி பொதியும் வேலையை விட்டுவிட்டு நடந்து வந்து ரயிலேறினேன். முன் இருக்கையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தன் நண்பரிடம் சொன்னார்:

“நான் திறக்காத வால்வை நான்தான் திறந்தனெண்டு சொல்லட்டாம்.”

“யாரு, வைன் ஆலை ஓனரா?”

“ஓம். தொட்டி வால்வு துருப்பிடிச்சு வைன் வழிஞ்சு ஓடினதுக்கு இன்சூரன்ஸ் தராதாம். ஆள் கைதவறித் திறந்ததெண்டால் தருமாம்.”

“பணம் வந்ததும், கவனமில்லாத ஆளுன்னு உங்களைத் தூக்கிடுவாருண்ணே.”

“என்ர விசாவைப் பற்றியும் சிரிச்சுச் சிரிச்சு விசாரிக்கிறார்.”

“சிரிச்சாரா? அப்ப எதுலயும் கையெழுத்துப் போட்டுறாதீங்க.”

“ஆலை இருக்கிற குமியூ பக்கமே இனிப் போகமாட்டன்.”

மறுநாள் காலை நான் குமியூ போய், ஆள் வராத வைன் ஆலை எதுவென்று விசாரித்தேன். தொட்டி கழுவ அப்போதே சேர்த்துக்கொண்டார்கள்.