சட்டைப் பையில் எமர்ஜென்சி

மின்னல் வெட்டினால் நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டு, "வோல்டேஜ் கம்மி, மேல எங்கயோ லூஸ் காண்டாக்ட்" என்று சொல்லக்கூடிய ஆள் அந்த எலெக்ட்ரீஷியன்.

சிரிக்காதீர்கள். நானூற்று நாற்பது வோல்ட்டை இடது கையில் பிடித்துக்கொண்டே வலது கையால் மூக்கைச் சொறிவார். கரண்டுக்குத்தான் ஷாக் அடிக்கும். நம் நண்பர் ஒருவரின் சித்தப்பா மகன் அவர். அதனால் முழுப் பொய்யாக இருக்க முடியாது.

"முக்கால் பொய்யா இருக்கலாம்ல?" என்கிறது மூலையில் ஒரு போர்வை. போர்வைக்குள் இருப்பவர் அந்த எலெக்ட்ரீஷியனின் மச்சான், மனைவியின் தம்பி. இந்தக் கதையில் அவரும் வருகிறார். ஆனாலும் நம்பமாட்டார். இருக்கட்டும்... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

இரவு பதினொன்று. மழை விட்டிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு சாலை, இரண்டு பக்கமும் வாய்க்கால், வழியில் ஒரு வீடுகூடக் கிடையாது. ஸ்கூட்டரில் எலெக்ட்ரீஷியன் மட்டும் போய்க்கொண்டிருந்தார். உடம்புதான் போனது, மனசு வீட்டில் இருந்தது. அங்கே அவருடைய அப்பா நெஞ்சுச் சளியோடு கிடந்தார். "இந்த ராத்திரியைத் தாண்டிட்டார்னா பயமில்ல" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரியவர் விடுகிற குறட்டையில் ஓட்டு மேலிருக்கிற பூனை பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடும். அந்தச் சத்தம் கேட்கிறவரை வீட்டுக்கு நிம்மதி. மிஷின் நின்றுவிட்டதென்று அவசர அழைப்பு வர, காவலுக்கு மச்சானை உட்கார வைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் திரும்புகிறேன் என்று கிளம்பியிருந்தார்.

சாலை முடிகிற இடத்தில் தொழிற்கூடம். உள்ளே, கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைக் குடைகிற மில்லிங் மிஷின். எலெக்ட்ரீஷியனின் கல்யாணத்தைவிடப் பழையது, அதைவிட அதிகமாக மக்கர் பண்ணுவது.

"பாதி வேலையில நின்னுடுது அண்ணா. எமர்ஜென்சின்னு காட்டுது" என்றார் முதலாளி.

எமர்ஜென்சி என்றால் ஆபத்துக்கு அமுக்குகிற சிவப்புப் பட்டன். அமுக்கினால் மிஷின் அப்படியே நிற்கும், பட்டன் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். திருகினால்தான் வெளியே வரும். அப்புறம்தான் எதுவும் ஓடும்.

பேனலைத் திறந்தார். கட்டரைக் குளிர்விக்க ஊற்றுகிற கூலன்ட் புளித்த நாற்றம் குப்பென்று ஏறியது. ரிலே சுவிட்சை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினார். வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். மீட்டரை வைத்தால் இருபத்துநாலு வோல்ட், கல்வெட்டு மாதிரி நின்றது. ஒரு குறையும் இல்லை. ஓடவிட்டார். கட்டர் இரும்பில் இறங்கியது... கிர்ர்ர்ர்...

டக்.

நின்றது. பட்டன் உள்ளே போயிருந்தது.

"நீங்க அமுக்கினீங்களா?"

"நான் இங்கதானே நிக்கிறேன்! எனக்கென்ன ரப்பர் கையா?"

திருகினார். இந்த முறை பட்டனையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் யாரும் இல்லை. சிவப்புத் தலை மெதுவாக... உள்ளங்கை வைத்து அழுத்தினால் எப்படி இறங்குமோ, அப்படி... டக். தொட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது.

முதலாளி ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "முன்னாடி ஒரு ஆபரேட்டர் இருந்தான் அண்ணா. சட்டைக் கை கட்டர்ல சிக்கிடுச்சு. இன்னொரு கையை நீட்டியிருக்கான்... பட்டன் எட்டல. ஒரே ஒரு சாண்ல உயிர் போச்சு. அதுக்கப்புறம்தான் பட்டனை ஒரு சாண் கிட்ட மாத்தி வெச்சோம்."

இப்போது எட்டுகிறது.

"ஸ்ப்ரிங் போயிருக்கும்" என்கிறது போர்வை.

எலெக்ட்ரீஷியனும் தனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டார். அப்பாவிடம் போக வேண்டும். அவசரத்தில், எலெக்ட்ரீஷியன்கள் மட்டுமே செய்கிற அந்தப் பாவத்தைச் செய்தார். பட்டனைக் கழற்றிவிட்டு இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினார். "நாளைக்கு வந்து புதுசு போட்டுத் தர்றேன்." அந்த நாளைக்கு எந்தக் காலண்டரிலும் வந்ததில்லை. கழற்றியதை வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதே என்று பட்டனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தொழில் பழக்கம்.

பட்டன் இல்லாமலே மிஷின் தங்கமாக ஓடியது.

திரும்பும் வழியில், பாதிச் சாலையில், பைக்குள்ளிருந்து... டக். ஸ்கூட்டர் நின்றது. கால் வலிக்க உதைத்தார். அசையவில்லை. பட்டனை எடுத்துத் திருகினார். வண்டி உதைக்காமலே கிளம்பிவிட்டது!

"ப்ளக்ல கரி பிடிச்சிருக்கும்" என்கிறது போர்வை.

அடுத்த டக்குக்கு வண்டி நிற்கவில்லை. தவளைகள் நின்றன. இரண்டு வாய்க்காலிலும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த அத்தனை தவளையும், ஒரே நொடியில். திருகினார். கத்தின.

"தவளைக்கும் ப்ளக் இருக்கா?" என்று யாரோ கேட்கிறார்கள்.

எலெக்ட்ரீஷியன் பட்டனை வாய்க்காலில் வீசிவிட்டு வண்டியை முறுக்கினார். இருட்டுக்குள்ளிருந்து... டக். வண்டி, விளக்கு, தவளை, காற்று, எல்லாம் நின்றன. முழங்கால் சேற்றில் இறங்கித் துழாவினார். நகக்கண்ணெல்லாம் சேறு. கிடைத்தது. திருகினார். காற்று வந்தது. எறிந்தாலும் அது அமுங்கும், திருகத்தான் ஆள் இருக்காது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வீட்டு வாசலிலேயே குறட்டை கேட்டது. பாதி உயிர் வந்தது. உள்ளே மச்சான் நாற்காலியில் சாய்ந்திருந்தார். எலெக்ட்ரீஷியன் நடந்ததைச் சொன்னார்.

"தண்ணி கிண்ணி போட்டீங்களா மாமா?" என்று மச்சான் சிரித்தார்.

டக்.

குறட்டை நின்றது. நெஞ்சு ஏறவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. எலெக்ட்ரீஷியன் திருகினார்... ஹ்ர்ர்ர் என்று மூச்சு இழுத்தது.

முதலாளிக்குப் போன் போட்டார். "மிஷினை நிறுத்துங்க முதலாளி. பட்டனை இப்பவே கொண்டுவந்து மாட்டிடறேன்."

அந்தப் பக்கம் கட்டர் அலறிக்கொண்டிருந்தது. முதலாளி அழுதார். "எப்படி நிறுத்தறது அண்ணா? மெயின் சுவிட்சையே இறக்கி வெச்சுட்டேன்... இன்னும் ஓடுதே."

அப்புறம் பட்டன் இடைவெளியே விடவில்லை. டக். திருகு. டக். திருகு. விடிகிறவரை தாக்குப்பிடித்தால் போதும். எலெக்ட்ரீஷியனின் கட்டைவிரல் தோல் உரிந்து, பட்டனின் சிவப்பு எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. பிடிக்க முடியாமல் வழுக்கியபோது மச்சான் வாங்கிக்கொண்டார்...

இந்த இடத்தில் போர்வை "ரீலு!" என்று கத்த வேண்டும். எப்போதும் கத்தும். இன்று சத்தத்தைக் காணோம்.

"பெரியவர் என்ன ஆனார்?" என்று ஒரு குரல் மெல்லக் கேட்டது.

"நடந்துச்சு" என்றார் மச்சான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "தவளை கதை எனக்குத் தெரியாது. மத்தது நடந்துச்சு. விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி... திருகித் திருகி பட்டனுக்குள்ள இருந்த பல்லு தேஞ்சுபோச்சு. நான்தான் திருகினேன். சும்மா சுத்துச்சு... சுத்திக்கிட்டே இருந்துச்சு. வெளிய வரல."